பழைய காரின் கூரையை வெட்டலாமா?

நமது நாட்டில் கார் என்பது வெறும் போக்குவரத்துச் சாதனம் அல்ல. அது ஓடித் திரியும் சேமிப்பு. பிள்ளையின் படிப்புக்கோ, வீட்டுக்கு மேல்மாடி போடுவதற்கோ, திடீர் வைத்தியச் செலவுக்கோ பணம் தேவைப்படும்போது முதலில் விலை பேசப்படுவது வாசலில் நிற்கும் வாகனம்தான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர், இருபது வருடப் பழைய கார்கள்கூட வாங்கிய விலையைவிடப் பெரிதும் கூடிய விலைக்குக் கைமாறியதை நாம் கண்ணால் கண்டோம். 2025 பெப்ரவரியில் தனியார் பாவனைக்கான வாகனங்களை மீண்டும் இறக்குமதி செய்ய அனுமதி கிடைத்தபோதிலும், வரிகளையும் சேர்த்துப் பார்க்கும்போது புதிய வாகனம் நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாத உயரத்திலேயே நிற்கிறது. எனவே, இருக்கும் பழைய காரையே திருத்தி, அழகுபடுத்தி வைத்துக்கொள்வோம் என்ற எண்ணம் பலருக்கும் வருவது இயல்பானதே.

அவ்வாறான அழகுபடுத்தல்களில் ஒன்றைப் பற்றியே இவ்வாரம் பேசப் போகிறோம். பழைய காருக்கு வெளியில் வாங்கிய சன்ரூஃப் பொருத்துவது இலாபமா, நட்டமா? ஆசையைப் பற்றி அல்ல, கணக்கைப் பற்றிப் பேசுவோம்.

இளைஞரின் கணக்கு

கண்டிப் பக்கத்தைச் சேர்ந்த எனது பழைய நண்பரின் மகன் ஒருவர் கடந்த மாதம் என்னைச் சந்திக்க வந்திருந்தார். அவரிடம் 1998ஆம் ஆண்டின் டொயோட்டா கொரோலா 110 ரகக் கார் ஒன்று இருக்கிறது. வாப்பா சவூதியில் பதினொரு வருடம் உழைத்து வந்து வாங்கியது. வாப்பா இப்போது இல்லை. அந்தக் காரைக் கல்யாண வீடுகளுக்கும், கண்டியிலிருந்து நுவரெலியா, எல்ல பக்கம் போகும் உல்லாசப் பயணிகளுக்கும் ஹயர் ஓடித்தான் உம்மா, இரண்டு தங்கைகள், மனைவி, குழந்தை என ஆறு பேர் கொண்ட அந்தக் குடும்பம் வாழ்கிறது.

“மாமா, இப்ப எல்லாரும் சன்ரூஃப் இருக்கிற வாகனம்தான் கேக்குறாங்க. மாப்பிள்ளை எழும்பி நின்டு போட்டோ எடுக்கணுமாம். வெள்ளைக்காரங்களும் மலையைப் பார்க்க ஆசைப்படுறாங்க. ஒன்டு அடிச்சா ஒவ்வொரு ஹயருக்கும் ஐயாயிரம் கூடக் கேக்கலாம்” என்றார்.

கராஜ் ஒன்றில் அவருக்குச் சொல்லப்பட்டிருந்த விலை 210,000 ரூபா. ஜப்பானிலிருந்து வந்த பாவித்த செட் ஒன்று, வெட்டிப் பொருத்தும் கூலி, உட்கூரைத் துணியை மாற்றுவது, பெயின்ட் எல்லாம் அதற்குள் அடக்கம். மாதம் நான்கு கல்யாண ஹயர், ஹயர் ஒன்றுக்கு 5,000 ரூபா கூடுதல் என்றால் மாதம் 20,000 ரூபா. பத்தரை மாதத்தில் போட்ட பணம் திரும்பிவிடும். அதற்குப் பிறகு வருவதெல்லாம் இலாபம். இதுதான் அவரது கணக்கு. இரண்டு வருடங்களில் இந்தக் காரை விற்று, இன்னும் கொஞ்சம் பணம் சேர்த்து ஒரு வேன் எடுப்பது அவரது திட்டம். கையிலிருந்த இரண்டரை இலட்சமும் அந்த வேனுக்காக ஒதுக்கி வைத்த பணம்.

கணக்கு எழுதிய விதம் எனக்குப் பிடித்திருந்தது. எனினும் அதில் சில வரிகள் விடுபட்டிருந்தன. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

குளிர் நாட்டில் பிறந்த கண்ணாடி

திறந்து மூடும் கூரை வெயில் நாட்டின் கண்டுபிடிப்பு அல்ல. ஜேர்மனியில் 1901இல் ஆரம்பிக்கப்பட்ட வெபாஸ்டோ என்ற நிறுவனம் 1930களில் கார்களுக்கு மடிக்கும் துணிக் கூரைகளைச் செய்யத் தொடங்கியது. வருடத்தின் பெரும்பகுதி மூடுபனியிலும் குளிரிலும் கழியும் அந்நாடுகளில், கிடைக்கும் கொஞ்ச வெயிலை உள்ளே எடுப்பதற்கான வழியாக அது இருந்தது. கார்களில் ஏ.சி. பரவாத காலத்தில் உள்ளே இருக்கும் சூட்டை வெளியேற்றவும் அது உதவியது.

அமெரிக்காவில் இதனைப் பெரும் வியாபாரமாக்கியவர் ஜேர்மனியிலிருந்து குடியேறிய ஹைன்ஸ் பிரெக்டர் என்பவர். அவர் 1965இல் அமெரிக்கன் சன்ரூஃப் கம்பனியை ஆரம்பித்தார். தொழிற்சாலையிலிருந்து மூடிய கூரையுடன் வந்த கார்களை வெட்டிக் கண்ணாடி பொருத்துவதே அதன் ஆரம்பத் தொழில். பின்னர் கார்க் கம்பனிகளே தமது தொழிற்சாலைகளில் அதனைப் பொருத்தத் தொடங்கின.

இங்குதான் கவனிக்க வேண்டிய வித்தியாசம் இருக்கிறது. இன்று வரும் புதிய வாகனங்களில் கூரை முழுவதும் கண்ணாடியாக இருப்பதைக் காண்கிறோம். அந்த வாகனம் வரைபடத்தில் இருக்கும்போதே கண்ணாடிக்கு ஏற்றவாறு கூரையின் சட்டங்கள் பலப்படுத்தப்பட்டிருக்கும். மழைநீர் ஓடும் குழாய்களுக்கு இடம் விடப்பட்டிருக்கும். மூடிய கூரையுடன் பிறந்த காரை இருபத்தைந்து வருடங்களின் பின்னர் வெட்டுவதும் அதுவும் ஒன்றல்ல.

எத்தனை வகை?

வெளியில் வாங்கிப் பொருத்தும் கூரைக் கண்ணாடிகள் நான்கு வகைப்படும்.

முதலாவது, பின்பக்கம் மட்டும் சில அங்குலம் மேலெழும் சாதாரண வகை. கையால் திறப்பது. விலை குறைவு. பெரும்பாலும் கூரையின் குறுக்குச் சட்டங்களுக்கு இடையிலேயே பொருந்திவிடும். ஆனால் இதனூடாகத் தலையைக்கூட வெளியே நீட்ட முடியாது.

இரண்டாவது, மேலெழுந்து, கூரைக்கு மேலாகப் பின்னோக்கி வழுக்கும் வகை. மோட்டாரில் இயங்கும். உட்கூரையின் உயரத்தை அதிகம் குறைக்காது. நமது இளைஞருக்குச் சொல்லப்பட்டது இந்த வகைதான்.

மூன்றாவது, கூரைத் தகட்டுக்கும் உட்கூரைத் துணிக்கும் இடையில் மறைந்துகொள்ளும் வகை. பார்ப்பதற்குத் தொழிற்சாலை வேலை போலவே இருக்கும். ஆனால் இதன் சட்டம் பெரியது. உள்ளே தலைக்கு மேலுள்ள இடத்தில் ஒன்றரை, இரண்டு அங்குலத்தை எடுத்துக்கொள்ளும். உயரமானவர் முன் ஆசனத்தில் அமர்ந்தால் தலை முட்டும்.

நான்காவது, மடிக்கும் துணிக் கூரை. நமது மழைக்கும் வெயிலுக்கும் துணி நீண்ட காலம் நிற்காது என்பதால் இங்கு அதனை விட்டுவிடலாம்.

இவற்றுக்கு வெளியே இன்னொரு வழியும் உண்டு. பஞ்சிகாவத்தை போன்ற உதிரிப்பாகச் சந்தைகளில், அதே ரகக் காரின் சன்ரூஃப் உள்ள முழுக் கூரையையும் தேடி எடுத்து, பழைய கூரையை அகற்றிவிட்டு ஒட்டுவது. கேட்பதற்கு இது நல்ல யோசனையாகத் தோன்றும். ஆனால் கூரையைத் தாங்கும் தூண்களில் வெட்டி வெல்டிங் செய்ய வேண்டியிருக்கும். அந்த வெல்டிங் சரியில்லை என்றால் வாகனத்தின் உடம்பே பலவீனமாகிவிடும்.

கூரை வெறும் மூடி அல்ல

காரின் கூரைத் தகடு ஒரு மில்லிமீற்றரைவிட மெல்லியது. இருந்தாலும் அது வெறும் மூடி அல்ல. அதன் உள்ளே குறுக்காக ஓடும் சட்டங்களும், ஓரத்துக் கம்பிகளும், தூண்களும் ஒன்றாகச் சேர்ந்துதான் வாகனம் முறுகாமல் காக்கின்றன. கடுகண்ணாவை வளைவுகளில் ஏறி இறங்கும் காருக்கு இது முக்கியமான விடயம். வாகனம் புரண்டால் உள்ளிருப்பவர்களின் தலைக்கு மேல் நிற்பதும் இதே சட்டங்கள்தான். அமெரிக்காவில் 1973 முதல் கார்க் கூரைகளின் பலத்துக்குத் தனிச் சட்ட விதி இருக்கிறது. கூரை தாங்க வேண்டிய பாரம் வாகன எடையின் ஒன்றரை மடங்கு என்பதிலிருந்து மூன்று மடங்காக உயர்த்தும் விதி 2009இல் வெளியிடப்பட்டது. அந்த உயர்வுக்கு முன்னைய காலத்தில் வடிவமைக்கப்பட்ட காரில் மேலதிகப் பலம் இருக்கும் என்று எதிர்பார்த்துச் சட்டத்தை அறுப்பது விவேகமல்ல.

பழைய காரில் இன்னொரு பிரச்சினை துரு. முன் கண்ணாடியின் மேல் ஓரத்திலும், கூரையின் இரு பக்கத்து நீரோடும் பள்ளங்களிலும் பெயின்ட் கொப்பளித்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு சிறு காந்தத்தைத் துணியில் சுற்றிக் கூரை முழுவதும் நகர்த்திப் பாருங்கள். எந்த இடத்தில் பிடிக்கவில்லையோ அங்கே பட்டி பூசப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். ஒரு காலத்தில் மரக்கிளை விழுந்திருக்கலாம், வாகனம் புரண்டிருக்கலாம். அவ்வாறான கூரையில் கத்தி வைக்கவே கூடாது.

கூரையை வெட்டும்போது பறக்கும் இரும்புத் தூளும் சாமானியமான விடயமல்ல. அது பெயின்டின் மேலும் உட்சந்துகளிலும் ஒட்டிக்கொண்டால், அடுத்த மழைக்கே துருப் புள்ளிகள் தோன்றும். வெட்டிய விளிம்புக்குத் துரு எதிர்ப்புப் பூச்சுப் பூசாமல் சிலிக்கனை மட்டும் நம்புபவர் நல்ல பாஸ் அல்ல.

மழையும் வெயிலும்

லண்டனில் வருடம் முழுவதும் பெய்யும் மழை சுமார் 600 மில்லிமீற்றர். கொழும்பில் அது சுமார் 2,400 மில்லிமீற்றர். அதாவது நான்கு மடங்கு. அங்கே தாக்குப்பிடிக்கும் ரப்பர் பீடிங் இங்கேயும் அதே காலம் தாக்குப்பிடிக்கும் என்று எண்ண முடியாது. அதிலும் பாவித்த செட் என்றால் அந்த ரப்பர் ஏற்கெனவே தன் ஆயுளின் பெரும்பகுதியை ஜப்பானில் முடித்துவிட்டுத்தான் இங்கு வந்திருக்கும்.

பலர் அறியாத ஒன்று இருக்கிறது. வழுக்கும் வகைக் கூரைக் கண்ணாடிகளின் ரப்பர் தண்ணீரை முற்றாகத் தடுப்பதற்காகச் செய்யப்பட்டதல்ல. கொஞ்சம் தண்ணீர் உள்ளே வரும் என்று எதிர்பார்த்தே, கண்ணாடியைச் சுற்றி ஒரு பள்ளமும், அதன் மூலைகளிலிருந்து தூண்களுக்குள்ளால் கீழே இறங்கும் மெல்லிய குழாய்களும் வைக்கப்படுகின்றன. மரத்தடியில் நிறுத்தும் காரில் இலைத்தூளும் புழுதியும் இந்தக் குழாய்களை அடைத்துவிடும். பிறகு தண்ணீர் உட்கூரைத் துணியில் பழுப்பு வட்டமாகத் தோன்றும். கவனிக்காமல் விட்டால் கால்விரிப்பின் அடியில் தேங்கும், பூஞ்சணம் பிடிக்கும், தளத்தகடு துருப்பிடிக்கும். பியூஸ் பெட்டிக்குள் இறங்கினால் செலவு எங்கு போய் முடியும் என்று சொல்ல முடியாது.

வெயிலையும் மறக்கக் கூடாது. ஏப்ரல் மாத முற்பகுதியிலும், ஓகஸ்ட் இறுதி முதல் செப்டெம்பர் முற்பகுதி வரையிலும் நண்பகலில் சூரியன் நமது நாட்டுக்கு நேர் மேலே நிற்கிறது. உச்சி வெயில் ஒரு சதுர மீற்றரில் ஏறக்குறைய ஆயிரம் வாட் சக்தியைக் கொட்டும். 40 சென்ரிமீற்றருக்கு 80 சென்ரிமீற்றர் அளவுள்ள கண்ணாடியில் விழுவது 300 வாட்டுக்கு மேல். நிறமூட்டிய கண்ணாடி அதில் ஒரு பகுதியைத் தடுக்கும். மீதி நேரே தலையில் இறங்கும். பட்டுச் சேலையில் இருக்கும் மணமகளும் கோட் சூட்டில் இருக்கும் மணமகனும் முதலில் கேட்பது “ஏ.சி.யைக் கூட்டுங்க” என்பதைத்தான். இருபத்தைந்து வருடப் பழைய ஏ.சி.யிடம் கூட்டுவதற்கு எவ்வளவு மிச்சம் இருக்கிறது?

ஆவணங்களும் விற்பனை விலையும்

வாகனத்தின் கட்டமைப்பில் மாற்றம் செய்வது உரிமையாளரும் பாஸும் மட்டும் தீர்மானிக்கும் விடயமல்ல. வெட்டுவதற்கு முன்னரே மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரித்து, அனுமதி தேவையா, எந்தப் படிவம், எந்தப் பரிசோதனை என்பதை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். வெட்டிய பிறகு போய்க் கேட்டால், பதில் எதுவாக இருந்தாலும் கூரை திரும்பி வரப் போவதில்லை.

அடுத்தது காப்புறுதி. காப்புறுதியோ தகாபுலோ, வாகனத்தின் விபரங்களில் ஏற்படும் முக்கிய மாற்றங்களை அறிவிக்க வேண்டியது உரிமையாளரின் பொறுப்பு. அறிவிக்காத மாற்றம் விபத்தின்போது நட்டஈட்டைத் தாமதப்படுத்தவோ குறைக்கவோ காரணமாகலாம். இன்னொன்றையும் இவ்விடத்தில் சொல்லியாக வேண்டும். தனியார் பாவனைக்கென எடுத்த காப்புறுதி, ஹயர் ஓடும்போது நடக்கும் விபத்துக்குப் பொதுவாகச் செல்லுபடியாகாது. ஹயர் ஓடும் சகோதரர்கள் தமது பத்திரத்தை இன்றே எடுத்து வாசித்துப் பார்க்க வேண்டும். சன்ரூஃப் பொருத்துவதோ பொருத்தாததோ அதற்குப் பிறகுதான்.

மூன்றாவது, விற்கும்போது கிடைக்கும் விலை. ஜப்பானிய ஏலத் தாள்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு “எஸ்.ஆர்.” என்ற இரண்டு எழுத்துகள் தெரியும். தொழிற்சாலையில் பொருத்திய சன்ரூஃப் உண்டு என்பதற்கான குறி அது. அந்தக் குறி வாகனத்தின் மதிப்பைக் கூட்டும். ஆனால் அந்தக் குறியில்லாமல் இறக்குமதியான காரில் கண்ணாடியைக் காணும் வாங்குபவர் வேறு விதமாக யோசிப்பார். “ஏன் வெட்டினார்கள்? ஒழுகுமா? அடிபட்டதை மறைக்கிறார்களா?” என்று கேட்பார். போட்ட பணத்தைத் திருப்பித் தருவது ஒருபுறமிருக்க, பலர் விலையைக் குறைத்துத்தான் பேசுவார்கள். பழைய ஜப்பான் கார்களுக்கு நமது சந்தையில் இருக்கும் மரியாதை அவற்றின் பகட்டுக்காக அல்ல. கை வைக்காத, “கம்பனி கண்டிஷன்” வாகனம் என்ற பெயருக்காகத்தான்.

கணக்கை மீண்டும் போட்டோம்

இவ்வளவையும் சொன்ன பிறகும் நமது இளைஞர் விட்டுக்கொடுக்கவில்லை. “அது சரி மாமா, ஆனா கஸ்டமர் கேக்குறாங்களே” என்றார். நியாயமான வாதம். வியாபாரத்தில் கடைசி வார்த்தை வாடிக்கையாளருடையதுதான். எனவே அவரது தொலைபேசியை எடுக்கச் சொன்னேன். கடந்த மூன்று மாதங்களில் விசாரித்துவிட்டு ஹயர் தராமல் போனவர்கள் எத்தனை பேர், அவர்கள் சொன்ன காரணம் என்ன என்று குறுந்தகவல்களைப் பார்த்து ஒரு தாளில் எழுதச் சொன்னேன்.

மொத்தம் 31 பேர். அதில் 12 பேர் விலை கூட என்று போனவர்கள். 8 பேர் கேட்ட திகதியில் கார் வேறு இடத்துக்குப் பேசப்பட்டிருந்தது. 5 பேர் புதிய வாகனம் வேண்டும் என்றவர்கள். இருவர் முன்னொரு தடவை வந்தபோது ஏ.சி. குளிரவில்லை என்று சொல்லியிருந்தார்கள். சன்ரூஃப் கேட்டவர்கள் 4 பேர்.

“எல்லாரும் கேக்குறாங்க” என்றது நான்கு பேரைத்தான். அவரும் பொய் சொல்லவில்லை. கையில் இல்லாத பொருளைக் கேட்டவனின் குரல்தான் வியாபாரியின் காதில் அதிக நாள் ஒலித்துக்கொண்டிருக்கும்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். செலவு 210,000 ரூபா. வேலை முடியும்வரை கார் குறைந்தது ஆறு நாட்கள் கராஜில் நிற்கும். ஒரு நாளைக்கு 7,000 ரூபா உழைப்பு இழப்பு என்றால் 42,000 ரூபா. மொத்தம் 252,000 ரூபா. அதாவது அவரது கையிருப்பு முழுவதும் போய், மேலும் இரண்டாயிரம் தேவை.

வரவு எவ்வளவு? அந்த நான்கு பேரும் வந்திருப்பார்கள் என்றே வைத்துக்கொள்வோம். பெற்றோல் போக ஹயர் ஒன்றுக்கு 6,000 ரூபா மிஞ்சுமானால், மூன்று மாதங்களுக்கு 24,000 ரூபா. மாதத்துக்கு 8,000 ரூபா. 252,000 ரூபாவை மீட்பதற்கு முப்பத்தொன்றரை மாதங்கள், அதாவது இரண்டரை வருடத்துக்கு மேல். அவரோ இரண்டு வருடத்தில் காரை விற்கப் போகிறவர்! நோன்பு மாதத்தில் கல்யாண ஹயர் இல்லை என்பதையும், விற்கும்போது குறையக்கூடிய விலையையும் நாம் இன்னும் சேர்க்கவில்லை.

ஏற்கெனவே வரும் வாடிக்கையாளர்களிடம் ஐயாயிரம் கூடுதலாகக் கேட்கலாம் என்ற எண்ணமும் இந்தத் தாளைப் பார்த்தவுடன் கரைந்துபோனது. விலை கூட என்று போனவர்கள்தான் பட்டியலில் முதலிடத்தில் இருந்தார்கள்.

மாப்பிள்ளை எழும்பி நிற்கும் போட்டோவைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஓடும் வாகனத்தில் கூரைக்கு வெளியே உடம்பை நீட்டுவது உயிராபத்து. திடீரென பிரேக் பிடித்தால் விலா எலும்பு தாங்காது. வாகனத்தை ஓட்டுபவர்தான் அதற்குப் பொறுப்புச் சொல்ல வேண்டிவரும். ஒரு போட்டோவுக்காகக் குடும்பத்தின் தொழிலைப் பணயம் வைக்க வேண்டுமா?

யாருக்குப் பொருந்தும்?

இதனால் சன்ரூஃப் பொருத்தவே கூடாது என்று நான் சொல்லவில்லை. காரை விற்கும் எண்ணம் இல்லாதவர், குறைந்தது ஐந்து வருடமாவது தானே வைத்து ஓட்டப் போகிறவர், தேவைகள் எல்லாம் முடிந்து மிஞ்சிய பணத்தில் ஆசைக்காகச் செய்பவர், அதைச் செலவு என்றே எழுதிக்கொள்பவர் தாராளமாகச் செய்யலாம். நுவரெலியா வீதியில் காலையில் கண்ணாடியைத் திறந்துகொண்டு போகும் சுகத்துக்கு விலை போட முடியாதுதான். ஆனால் அதை முதலீடு என்று சொல்லித் தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்ளக் கூடாது.

அவ்வாறு முடிவெடுப்பவர்கள் பின்வருவனவற்றை மனதில் கொள்ளட்டும்.

வெட்டுவதற்கு முன் உட்கூரைத் துணியை இறக்கி, குறுக்குச் சட்டங்கள் எங்கே ஓடுகின்றன என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். சட்டத்தை அறுக்காமல் பொருந்தும் அளவையே தெரிவு செய்யுங்கள். பெரிய கண்ணாடிக்கு ஆசைப்பட வேண்டாம்.

கூரையின் வளைவுக்குக் கண்ணாடியின் வளைவு பொருந்துகிறதா என்று காகித அச்சு வைத்துப் பாருங்கள். பொருந்தாத கண்ணாடியை இறுக்கிப் பொருத்தினால் ஒழுகும். காற்றுச் சத்தமும் வரும்.

பாவித்த செட் என்றால் ரப்பர் பீடிங் புதிதாக மாற்றப்பட வேண்டும். அந்த ரப்பர் கிடைக்காத செட்டை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

நான்கு மூலைகளிலும் வடிகுழாய் போடப்பட்டதா, அவற்றின் மறுமுனை வாகனத்துக்கு வெளியே வருகிறதா என்று கண்ணால் பாருங்கள். உட்கூரைத் துணியைத் திரும்பப் போடுவதற்கு முன் அரை மணித்தியாலம் குழாய்த் தண்ணீரை மேலே ஊற்றிச் சோதியுங்கள். துணியைப் போட்ட பிறகு செய்யும் சோதனை சோதனையே அல்ல.

மோட்டாரில் இயங்கும் வகைக்குத் தனியாகப் பியூஸ் வைத்து வயர் இழுக்க வேண்டும். கூரை விளக்கின் வயரில் இணைத்துவிட்டுப் போகும் வேலையை ஏற்காதீர்கள்.

ஒழுக்குக்கு ஒரு வருட உத்தரவாதத்தை எழுத்தில் கேளுங்கள். ஏற்கெனவே அவர் பொருத்திய, இரண்டு மழைக்காலம் கண்ட வாகனம் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்குபவரிடம் காரைக் கொடுக்காதீர்கள்.

மூன்று வாரங்களின் பின்

நமது இளைஞர் கடந்த வாரம் மீண்டும் வந்திருந்தார். கூரை அப்படியே இருக்கிறது. ஏ.சி.யைக் கழற்றிக் கழுவி, காஸ் நிரப்பி, கசிந்த குழாய் ஒன்றை மாற்றியிருக்கிறார். கதவு ரப்பர்கள் நான்கையும் புதுப்பித்திருக்கிறார். தொங்கிக்கொண்டிருந்த உட்கூரைத் துணிக்குப் பதிலாக வெள்ளைத் துணி போட்டிருக்கிறார். ஹயருக்கும் செல்லுபடியாகும் விதத்தில் காப்புறுதியை மாற்றியிருக்கிறார். எல்லாவற்றுக்கும் 94,000 ரூபா முடிந்திருக்கிறது. மீதி 156,000 ரூபா வேனுக்கான பணத்தில் அப்படியே இருக்கிறது.

“ஆசை போய்ட்டுதா?” என்று கேட்டேன்.

“இல்ல மாமா. வேன் எடுக்கக்குள்ள கம்பனி சன்ரூஃப் இருக்கிறதாப் பார்ப்போம்” என்று சிரித்தார்.

ஆசைப்படுவதில் தவறில்லை. அதை எந்த வாகனத்தில், எந்தப் பணத்தில், எப்போது நிறைவேற்றுவது என்பதுதான் கேள்வி. பெயின்ட் பிடிக்கவில்லை என்றால் மாற்றலாம், ஆசன உறையைக் கழற்றலாம், ரேடியோவை விற்கலாம். வெட்டிய கூரையை மட்டும் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. எனவே வாசகர்களே, கத்தியை எடுக்கச் சொல்வதற்கு முன் ஒரு தாளும் பேனையும் எடுத்து, “எல்லாரும் கேட்கிறார்கள்” என்பது உண்மையில் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.